ஒரு வீடு, ஒரு விளையாட்டு, பல கணினிகள்: யாழ்ப்பாணத்தில் அன்றும் இன்றும்

யாழ்ப்பாணத்தில் கணினி விளையாட்டு தனியாள் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. ஒரு கணினி, அதைச் சுற்றி ஐந்தாறு பொடியன்கள், முறை வரும்வரை கதிரைக்குப் பின்னால் நிற்கும் இன்னும் இரண்டு பேர் என்றுதான் அது எங்கள் ஊருக்குள் வந்தது. இன்று பல வீடுகளில் ஆளுக்கொரு மடிக்கணினி இருக்கிறது. பகிர்ந்து விளையாட நேர்மையான வழியும் பிறந்திருக்கிறது. ஆனாலும் அண்ணனும் தம்பியும் ஒரே விளையாட்டைத் தனித்தனியே காசு கொடுத்து வாங்குகிறார்கள். வழி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

அன்று

1990இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. படம் பார்க்க ஆசைப்பட்டால் ஜெனரேற்றர், தொலைக்காட்சி, டெக் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, அயலவர்கள் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வேறு நாட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் விளையாடி வளர்ந்த அந்தப் பத்தாண்டில், எங்கள் பிள்ளைகளில் பலர் கணினியைக் கண்ணால் கண்டதேயில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் கொழும்பிலிருந்து கணினிகளும் சிடிகளும் வரத் தொடங்கின. 'வைஸ் சிட்டி', 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 'கவுண்டர் ஸ்ட்ரைக்' எல்லாம் அப்படி வந்தவைதான். பெரும்பாலும் பிரதி எடுத்த சிடிகள். மேலே மார்க்கர் பேனையால் பெயர் எழுதியிருக்கும். நிறுவும்போது கேட்கிற நீண்ட இலக்கம், மடித்த கொப்பித்தாளில் உறைக்குள் இருக்கும். கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்த சிடி, பாதி நிறுவியதும் நின்றுவிடும். வெளியே எடுத்து, பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புவரை துடைத்து, திரும்பப் போடுவோம். அடுத்த நாள் காலையில் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு வீடு காத்திருக்கும். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டபின், கையில் இருந்த சிடிகளே ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றின.

அந்தப் பகிர்வில் நல்ல மனசு இருந்தது. ஆனால் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு சதமும் போய்ச் சேரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று

இப்போது சிடி இல்லை. 2003இல் தொடங்கிய ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் வாங்கும் விளையாட்டு, வாங்கியவரின் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. குடும்பத்துக்குள் பகிர 2014இலேயே ஸ்டீம் வசதி தந்தது. ஆனால் அதில் ஒரு பெரிய குறை. வாங்கியவர் ஏதாவது ஒன்றை விளையாடத் தொடங்கினால், அவருடைய சேகரம் முழுவதும் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். பொது நூலகத்தில் ஒருவர் ஒரு புத்தகத்தை இரவல் எடுத்ததற்காக வாசலையே அடைத்துவிடுவதைப் போன்ற விதி அது.

2024 செப்டெம்பரில் அந்த விதி மாறியது. 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' என்ற ஏற்பாட்டில் ஒரு வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை சேரலாம். ஒருவர் வாங்கியதை மற்றவர்கள் தத்தம் கணினியில், தத்தம் கணக்கில் விளையாடலாம். எங்கே விட்டோம் என்பதும் அவரவர் பெயரிலேயே பதிவாகும். அக்கா ஒன்றும் தம்பி இன்னொன்றுமாக ஒரே நேரத்தில் விளையாடத் தடையில்லை. ஒரே விளையாட்டை ஒரே நேரத்தில் இருவர் விளையாட வேண்டுமானால்தான் இன்னொரு பிரதி வாங்க வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் விளையாட்டைப் பகிர விடுவதில்லை. பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கவும் இடமுண்டு.

இது எங்களுக்குச் சின்ன விடயமல்ல. விலை டொலரில் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டபோது, 20 டொலர் விளையாட்டு நாலாயிரம் ரூபாயிலிருந்து ஏழாயிரத்தைத் தாண்டியது. ஒரே வீட்டில் அதை இரண்டு முறை வாங்குவது வீண்செலவு.

இணைய டேட்டாவையும் மிச்சம் பிடிக்கலாம். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபியைத் தாண்டும்; பழைய சிடியில் ஏற்றினால் 140க்கு மேல் வேண்டும். 2023 முதல், ஒரு கணினியில் இறக்கியதை வீட்டு ரவுட்டர் வழியாகவே அடுத்த கணினிக்கு அனுப்பலாம். இரண்டையும் ஒரே இணைப்பில் வைத்து, ஸ்டீம் அமைப்புகளில் பதிவிறக்கப் பகுதிக்குப் போய் உள்ளகப் பரிமாற்றத்தை அனுமதித்தால் போதும்.

எங்கள் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. அம்மா யாழ்ப்பாணத்தில், அண்ணன் ரொறன்ரோவில், மாமா லண்டனில் என்று சிதறிய குடும்பம் இந்த ஏற்பாட்டின் கணக்கில் ஒரு வீடல்ல. எல்லோரும் ஒரே நாட்டில், ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அண்ணனோடு சேர்ந்து விளையாட ஸ்டீமில் 2019இல் வந்த 'ரிமோட் பிளே டுகெதர்' உதவும். ஒரே திரையில் பலர் விளையாடும் விளையாட்டு ஒருவரிடம் இருந்தால் போதும்; மற்றவர் இணையம் வழியே வந்து கூட விளையாடலாம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். குடும்பக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்று யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். விலகும் பெரியவர், அந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும்வரை இன்னொரு குழுவில் சேர முடியாது. அவருடைய இடமும் அதுவரை முடங்கிக் கிடக்கும். இரவல் எடுத்த விளையாட்டில் ஒரு பிள்ளை ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால், வாங்கியவருக்கும் அந்த விளையாட்டில் தடை விழும். கடவுச்சொல்லை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளையையே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரே திரையில் இருவர் விளையாடும் விளையாட்டுகள் இன்றும் வெளிவருகின்றன. இன்னொரு கதிரையை இழுத்துப் போட எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை.