வடக்கே ஓடும் ஆற்றின் வெள்ளம்

ரெட் ஆறு அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா மாநிலங்களுக்கு எல்லையாக ஓடி, கனடாவின் மானிட்டோபாவுக்குள் நுழைந்து வினிபெக் ஏரியில் கலக்கிறது. ஏறத்தாழ 885 கி.மீ. நீளமுள்ள இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. அதன் ஆபத்து இந்தத் திசையிலேயே தொடங்குகிறது. வசந்தம் முதலில் வருவது தெற்கே. அங்கே உருகிய பனிநீர் வடக்கே போய்ச் சேரும்போது அந்தப் பகுதியில் ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். உடைந்த பனிக்கட்டிகள் பாலங்களிலும் வளைவுகளிலும் சிக்கி அடைத்துக்கொள்ள, பின்னால் வரும் நீர் கரையேறுகிறது.

நிலமும் அதற்குத் துணைபோகிறது. பனியுகத்தின் முடிவில் அகாசிஸ் என்னும் மாபெரும் ஏரி இருந்த இடம் இது. ஏரி வடிந்தபின் எஞ்சியது தட்டையான களிமண் சமவெளி. ஆற்றின் சரிவு பல இடங்களில் கிலோமீட்டருக்கு 20 செ.மீ.க்கும் குறைவு. அதனால் கரை மீறிய நீர் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் பரவி, வாரக்கணக்கில் வயல்களில் நின்றுவிடும்.

எவ்வளவு உயரம் பனி விழுந்தது என்பதை மட்டும் வைத்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது. அந்தப் பனிக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே கணக்கு. முந்தைய இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்திருந்தால், ஈரத்தோடு உறைந்த மண் வசந்தத்தில் நீரை உறிஞ்சாது; உருகியதில் பெரும்பகுதி ஆற்றுக்கே போகும்.

உருகும் பனிமேல் மழையும் பெய்தால் நிலைமை மோசமாகும். மழைநீரின் வெப்பம்தான் பனியைக் கரைக்கிறது என்று தோன்றலாம். உண்மையில் அதன் பங்கு சிறிது. 10 டிகிரி வெப்பமுள்ள 10 மி.மீ. மழை, ஏறக்குறைய ஒரு மி.மீ. நீருக்குச் சமமான பனியையே உருக்கும். மழையோடு வரும் ஈரக்காற்றுதான் வலிமையானது. காற்றிலுள்ள ஒரு கிராம் நீராவி பனியின்மேல் நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் ஏழு கிராமுக்கும் அதிகமான பனியை உருக்கப் போதும்.

1997-இல் இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தன. ஈரமான இலையுதிர் காலத்துக்குப் பிறகு பனிப்புயல்கள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரல் தொடக்கத்தில், ஆறு பெருகத் தொடங்கிய பின், உறைமழையோடு இன்னொரு பனிப்புயலும் அடித்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் நீர் 49 அடி வரை உயரும் என்று அமெரிக்க வானிலைச் சேவை முன்னதாகக் கணித்திருந்தது. மக்கள் அந்த ஒற்றை எண்ணை நம்பி, அதற்குமேல் சில அடிகள் கூட்டி, இரவு பகலாக மணல் மூட்டை அடுக்கினார்கள். நீரோ 54.35 அடியைத் தொட்டது. ஏப்ரல் 18-இல் கரைகள் உடைந்தன. மறுநாள் வெள்ளத்தில் நின்ற நகர மையத்தில் தீப்பற்றி 11 கட்டடங்கள் எரிந்தன. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரம் ஏறக்குறைய முழுவதும் காலியானது. கணிப்பில் பிழை நேர்வது இயல்பு. ஆனால் அந்த எண்ணில் பிழைக்கு எவ்வளவு இடமிருந்தது என்பது மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படாததுதான் பெருங்குறை. பிற்காலத்தில் வசந்தகாலக் கணிப்புகள் எந்த உயரத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற வடிவில் வரத் தொடங்கின.

வடக்கே, கனடாவின் வினிபெக் நகரம் தப்பியது. 1950 வெள்ளத்தில் சுமார் ஒரு லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்த நகரம் அது. அதன்பின் மாகாண முதல்வர் டஃப் ராப்லின் கடும் எதிர்ப்புக்கிடையே முன்னெடுத்த 47 கி.மீ. வெள்ளக் கால்வாய் 1968-இல் முடிந்தது. 1997-இல் அந்தக் கால்வாயும் அவசரமாக நீட்டிய மண்கரையும் நகரைக் காத்தன. தெற்கே செயின்ட் அகாத் என்ற சிற்றூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆற்றை நோக்கியே காவல் போட்டிருந்த ஊருக்குள் வெள்ளம் மேற்கே வயல்வழியாகப் புகுந்தது.

கிராண்ட் ஃபோர்க்ஸ் தன் ஆற்றோர வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, கரைச்சுவரை உள்ளே தள்ளிக் கட்டி, நடுவில் பூங்காவை விட்டது. ஆறு விரிய இடம் கொடுத்த இந்த முடிவு எளிதல்ல. தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்கள் போயின. 2009-லும் 2011-லும் நீர் 49 அடியைத் தாண்டியபோது நகரம் பெரிய சேதமின்றித் தப்பியது.

இதே ஆற்றின் கரையில், 2009-இல் 40.84 அடி என்ற தன் உச்ச நீர்மட்டத்தைக் கண்ட ஃபார்கோ நகருக்கு, ஏறத்தாழ 48 கி.மீ. நீளத்தில் தனிக் கால்வாய் அமைக்கப்பட்டு வருகிறது. பெருவெள்ளத்தின்போது நகருக்குத் தெற்கே ஓர் அணைக்கரை நீரைத் தற்காலிகமாகத் தேக்கும். அப்படித் தேங்கப்போவது மேற்பகுதி விவசாயிகளின் நிலத்தில் என்பதால், இத்திட்டம் பல ஆண்டுகள் வழக்குகளைச் சந்தித்தது.