பிக்கப் வண்டிக்குப் பக்கப்படி தெரிந்தெடுத்தலும் பொருத்துதலும்

நமது ஜில்லாவில் விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதில் இரட்டை மாட்டு வண்டி வகித்துவந்த ஸ்தானத்தைப் பிக்கப் என்னும் சிறு சரக்கு மோட்டார் பெரும்பாலும் அடைந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத்தார்களும், ஆத்தூர் வெற்றிலையும், விளாத்திகுளம் கரிசலில் விளையும் மிளகாயும் உளுந்தும் அதிலேயே ஏற்றப்படுகின்றன. பாளையங்கோட்டை ரஸ்தாவில் மில்லர்புரத்தைக் கடந்து தூத்துக்குடிப் பட்டணத்துக்குள் செல்லும் இவ்வண்டிகளில் சிலவற்றிற்குப் பக்கப்படியே இராது. சிலவற்றில் பார்வைக்குப் பளபளக்கும் உருண்டைக் குழாய் மாத்திரம் இருக்கும். பக்கப்படி அலங்காரப் பொருளன்று, காலுக்குரிய கருவி. வண்டிக்குச் சொந்தக்காரராகிய குடியானவர்கள் அதை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு பொருத்துவது, எதற்கு உபயோகிக்கலாகாது என்பவற்றை இங்கே சுருக்கமாய்க் கூறுவோம்.

படியின் அவசியம்

ஃபோர்டு கம்பெனியார் 1908-ம் வருஷத்தில் வெளியிட்ட மாடல் டி என்னும் காரில் இருபுறமும் நீண்ட மிதிபலகை இருந்தது. பிற்காலத்தில் கார்களின் தளம் தாழ்ந்து உடல் அகன்றபோது அப்பலகை மறைந்தது. பிக்கப் வண்டியின் தளமோ உயர்ந்தே நிற்கிறது. படியில்லாத வண்டியில் ஏறுவோர் சக்கரத்தின் குடத்திலாவது டயரிலாவது கால் வைக்கின்றனர். ஈரக் கரிசல் ஒட்டிய பாதம் அங்கே வழுக்குவது எளிது. இறங்கும்போது குதிப்பது வயது சென்றவர்களின் முழங்காலுக்குப் பெருந்தீங்கு. அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்குப் பலமுறை ஏறி இறங்கும் டிரைவருக்கும் சுமையாட்களுக்கும் நல்ல படி மிகவும் அநுகூலமாகும்.

அளவெடுத்தல்

டயர்களில் காற்றுச் சரியாக இருக்கும்போது காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து கதவுத் தளம் வரையில் அளக்க வேண்டும். உதாரணமாக, அவ்வுயரம் 28 அங்குலமானால், 14 அங்குலத்தில் படி அமைந்தால் இரண்டு எட்டும் சமமாகும். பின்னர், வழக்கமான பாரத்தை ஏற்றி மறுபடியும் அளக்க வேண்டும். பாரத்தால் வில்பட்டைகள் அமுங்கி வண்டி தாழும். அப்போது படியின் அடிப்பாகம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் இடிக்கக் கூடாது. இரு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள பாகமே வரப்பில் முதலில் தட்டுமாகையால், வயலுக்குள் செல்லும் வண்டிக்கு நீண்ட பலகையைவிடக் கதவுக்கு நேராக மட்டும் அமைந்த குறும்படியே நலம்.

மிதிக்கும் பரப்பு பாதத்தின் முன்பாகம் முழுவதும் பதியும்படி 5 அல்லது 6 அங்குல அகலம் இருத்தல் வேண்டும். உருண்டைக் குழாயில் கால் நிலைக்காது. துளையிட்டு விளிம்பு மடித்த தகடு, சேற்றையும் நீரையும் கீழே விட்டுவிடுவதால், நமது கரிசற் சீமைக்கு ஏற்றது.

உலோகம்

உப்பளங்கள் நிறைந்த இக்கடற்கரையில் இரும்பின் முதற் சத்துரு உப்புக்காற்று. வர்ணம் பூசிய சாதாரண இரும்புப்படி விலையிற் குறைந்தது. ஆனால் கல் பட்டுப் பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்து உள்ளே பரவும். உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பு நெடுநாள் உழைக்கும். எவர்சில்வர் எனப்படும் எஃகிலும் தரபேதம் உண்டு: 202 என்ற ரகம் மலிவானது, உப்பில் கறை கொள்ளும், 304 அதனிலும் நல்லது, மாலிப்டினம் கலந்த 316 உப்பை அதிகமாய்த் தாங்கும். காந்தம் ஒட்டவில்லையென்று காட்டி விற்பவரை நம்பற்க. 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஆகையால் ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குக. அலுமினியப் படி இலேசானது. ஆயினும் அலுமினியமும் இரும்பும் நேரே தொட்டு, நடுவே உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரிக்கப்படும். இரண்டிற்கும் இடையில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைக்க வேண்டும். எந்தப் படியாயினும் உள்ளே நீர் தேங்காதபடி தாழ்ந்த பாகத்தில் வடிதுளை இருக்கட்டும்.

பொருத்தும் முறை

படியின் தாங்கிகளைக் கதவின் கீழ்த்தகட்டில் மாட்டாமல், வண்டியின் முதுகெலும்பாகிய சாசிஸ் சட்டத்தில், கம்பெனியார் விட்டிருக்கும் துளைகளிலேயே போல்ட்டால் பூட்ட வேண்டும். சட்டத்தில் புதுத் துளை போடுதலும் வெல்டிங் வைத்தலும் கூடா. பாரம் சுமக்கும் எஃகு அவ்விடத்தில் பலம் குன்றிப் பிற்பாடு வெடிப்புக் காணக்கூடும். பிரேக் குழாய், எண்ணெய்க் குழாய், மின்கம்பி இவற்றை நெருக்காமல் தாங்கியை அமைப்பது முக்கியம். போல்ட்டுகளின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குக. முதலில் எல்லாவற்றையும் கையால் முடுக்கிப் படியை நேராக்கிய பின்னரே ஸ்பானரால் இறுக்க வேண்டும். பின் ஒருவர் படியின் நடுவிலும் இரு முனைகளிலும் ஏறி நின்று பார்க்கட்டும். அது ஆடவோ வளையவோ செய்தால் தாங்கி போதாது. ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்குவதும், உப்பு ஏற்றிய நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதும் வழக்கமாகட்டும்.

சட்டம் கூறுவது

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுப் புத்தகத்திற் கண்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. ஆகையால் படி வண்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிராமல் இருக்கவேண்டும். கம்பெனி அங்கீகரித்த படியை வாங்குவதும், சந்தேகமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பதும் உத்தமம்.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. அச்சட்டத்தின் 123-ம் பிரிவு, ஓடும் வண்டியின் மிதிபலகையில் யாரையும் ஏற்றிச் செல்லலாகாதென்றும், ஒருவரும் அதில் பிரயாணம் செய்யலாகாதென்றும் விதிக்கிறது. "பக்கத்து வயல்தானே" என்று கூலியாள் ஒருவர் கண்ணாடித் தண்டைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று வருவதை நாம் பலமுறை காண்கிறோம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அவர் விழுவது பின்சக்கரத்துக்கு முன்னே. சரக்கு வண்டியில் இலவசமாய் ஏறிச் செல்பவர் விஷயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லையென்று சுப்ரீம் கோர்ட்டார் 2002-ம் வருஷத்தில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்திருக்கின்றனர். எனவே ஒரு குடும்பம் ஆதரவை இழப்பதோடு, மற்றொரு குடும்பம் நஷ்டஈட்டுக்காக நிலத்தை விற்கவும் நேரலாம். படி நன்றாக இருக்குமளவுக்கு அதில் நின்று செல்லும் ஆசையும் மிகும் என்பதை மிராசுதார்கள் மறத்தலாகாது.

ஆதலின், படியைப் பொருத்தும் அன்றே, எல்லோரும் உள்ளே அமர்ந்து கதவு சாத்திய பின்னரே வண்டி நகர வேண்டுமென்று டிரைவருக்குக் கண்டிப்பாய்ச் சொல்லிவைக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியைப் பார்த்தபடி, இரு கையும் ஒரு காலுமாவது எப்போதும் பற்றியிருக்குமாறு செய்வது நற்பழக்கம். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன் கூடும் கிராம சபையில் இதனை எடுத்துரைத்தால் பெரும்பயன் உண்டாகும்.