பழுதுறும் வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல்

பள்ளிக்கூடத்தின் மாணவர் பதிவேடும், களப்பணியாளர் எழுதி வைத்த மழை அளவுக் குறிப்பும், பயிர் நோய்களின் புகைப்படங்களும் இக்காலத்தில் கணிப்பொறியின் வன்தட்டிலேயே பெரிதும் சேமிக்கப்படுகின்றன. ஹார்டு டிஸ்க் என்று எல்லோரும் வழங்கும் இச்சாதனம், அலுவலக மூலையில் பல ஆண்டுகள் ஓசையின்றி உழைத்துவிட்டு, ஒரு நாள் தடுமாறத் தொடங்குகிறது. ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிஷங்கள் பிடிக்கின்றன. பெட்டிக்குள்ளிருந்து முன்பு கேளாத ‘டிக், டிக்’ என்னும் ஒலி எழுகிறது. அவ்வேளையில் அதன் முன் அமர்ந்திருப்பவர் முதல் அரைமணி நேரத்தில் செய்வதும் செய்யாதிருப்பதுமே, அக்கோப்புகள் பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன.

வன்தட்டுகளிலுள்ள செய்திகளைச் சிதையாமல் வெளிக்கொணர்வதையே தொழிலாகக் கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்று திருவனந்தபுரத்தில் உண்டு. 1973ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கெல்ட்ரான் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவாக முளைத்து, பின்னர் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பிற்கு வந்து, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சி-டாக் ஸ்தாபனத்தோடு இணைந்தது அது. அங்குள்ள கணிப்பொறித் தடய ஆய்வு மையத்தில் ‘ட்ரூபேக்’, ‘சைபர்செக்’ என்னும் மென்பொருள்கள் உருவாயின. முன்னது, கைப்பற்றப்பட்ட வன்தட்டு ஒன்றின் உள்ளடக்கத்தை முதலிலிருந்து இறுதிவரை அப்படியே பிரதி எடுக்கிறது. பின்னது, அப்பிரதியை ஆராய்கிறது. விசாரணையாளர்களுக்காக ஏற்பட்டவை இவை. பள்ளிக்கூடத்து வன்தட்டை எடுத்துச் சென்று நீட்டத் தக்க இடமன்று அது. எனினும், அத்துறையினரின் முதல் விதியை நாமும் இரவல் வாங்கிக்கொள்ளலாம்: மூலத்தில் ஓர் எழுத்தும் எழுதலாகாது, ஆராய்ச்சி யாவும் பிரதியிலேயே நிகழ வேண்டும்.

அவர்கள் பிரதி எடுத்தவுடன், மூலத்திற்கும் பிரதிக்கும் ஒரே கணித முறையால் ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஷா-256 என்னும் முறையில் இது 64 குறிகள் கொண்டது. பல கோடி எழுத்துகளில் ஒன்று மாறினும் முத்திரை முழுவதும் மாறிவிடும். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டம், மின்னணுச் சான்றோடு தரப்படும் சான்றிதழில் இம்முத்திரையையும் குறிக்கும்படி வகை செய்திருக்கிறது. ஆசிரியருக்கு நீதிமன்றம் தேவையில்லை; ஆனால் தாம் எடுத்த இரண்டு பிரதிகளும் ஒன்றே என்று உறுதி கொள்ள இதைவிட எளிய வழியும் இல்லை.

தட்டின் உள்ளே

வன்தட்டின் பெட்டிக்குள் காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணிப்பொறிகளில் நிமிஷத்திற்கு 7,200 சுற்று என்பது வழக்கமான வேகம். ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அத்தட்டின் விளிம்பு, இக்கணக்கின்படி மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் படிப்பு முனை, காற்றின் மெல்லிய படலத்தில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதனின் தலைமயிர் பல்லாயிரம் நானோமீட்டர் தடிமன் உடையது என்பதை நினைத்தால், ஒரு தூசித் துகள் அங்கே பாறைக்கு ஒப்பாகும் என்பது விளங்கும். பெட்டியைத் திறந்து பார்க்க விரும்பும் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இவ்வொரு கணக்கே போதுமானது.

செய்தி, 512 அல்லது 4,096 பைட்டுகள் கொண்ட சிறு அறைகளாகத் தட்டில் பதிகிறது. ஓர் அறை சரியாகப் படிக்கப்படவில்லையெனில், வன்தட்டு தானாகவே மீண்டும் மீண்டும் முயல்கிறது. எழுதும்போது கெட்டதென்று தெரிந்த அறைக்குப் பதிலாக, கையிருப்பிலுள்ள மாற்று அறை ஒன்றை அமர்த்திக்கொள்கிறது. இவற்றையெல்லாம் ‘ஸ்மார்ட்’ என்னும் உட்பதிவேட்டில் அது குறித்தும் வைக்கிறது. அப்பதிவேட்டின் 5ஆம் எண் மாற்றப்பட்ட அறைகளின் தொகையையும், 197ஆம் எண் படிக்க இயலாமல் காத்திருக்கும் அறைகளின் தொகையையும் காட்டும். இவ்விரண்டும் நாளுக்கு நாள் ஏறுமாயின், அவ்வன்தட்டை நம்பலாகாது. 199ஆம் எண் மட்டும் ஏறுமாயின், குற்றம் பெரும்பாலும் தட்டில் இல்லை. இணைப்புக் கம்பியில் இருக்கிறது. கடற்காற்றும் ஈரமும் மிகுந்த திருவனந்தபுரம் போன்ற ஊரில் பழைய இணைப்பு முனைகள் களிம்பேறுவது இயல்பே. ஆகவே, வன்தட்டின்மேல் பழி போடுமுன் கம்பியை மாற்றிப் பார்ப்பது நன்று.

நல்லதை முதலில் எடுத்தல்

தடய ஆய்வாளரின் வேலையும் நம்முடைய வேலையும் வேறுபடும் இடம் இதுதான். நலமான வன்தட்டை முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை வரிசையாகப் பிரதி எடுப்பதில் தடையில்லை. 500 கிகாபைட் கொள்ளளவுள்ள தட்டு ஒன்று, வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்திற்குள் பிரதியாகிவிடும். ஆனால் அதே தட்டில் 10,000 அறைகள் கெட்டு, ஒவ்வொன்றிலும் படிப்பு முனை 5 வினாடி போராடுவதாகக் கொள்வோம். அப்போராட்டத்திற்கு மட்டும் ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். சாகும் தறுவாயிலுள்ள தட்டுக்கு அவ்வளவு ஆயுள் இருக்குமென்பது நிச்சயமில்லை. கெட்ட அறைகள் முதற்பகுதியிலேயே அமைந்துவிட்டால், பின்னாலுள்ள நல்ல அறைகளைத் தொடுமுன்னரே முனை முறிந்து எல்லாம் போய்விடக்கூடும்.

கோப்புகளைச் சாதாரணமாக ஒவ்வொன்றாக நகலெடுக்க முயல்பவர் இத்தவற்றையே செய்கிறார். வன்தட்டைத் ‘திருத்தும்’ சோதனை நிரலை ஓட்டுபவர் இதனினும் பெரிய தவறு செய்கிறார். அந்நிரல் மெலிந்த தட்டின்மேல் எழுதவும் தலைப்படுகிறது. கணிப்பொறி தொடங்கும்போது தானே அச்சோதனையை ஆரம்பிக்குமாயின் அதை நிறுத்திவிட வேண்டும்.

இதற்கென்றே அமைந்த கருவி ‘ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ’ என்பது. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் இயற்றிய இக்கட்டற்ற மென்பொருள், முதல் ஓட்டத்தில் தடை காணும் இடங்களைத் தாண்டிச் சென்று, நலமான பகுதிகளை விரைவாக அள்ளிக்கொள்கிறது. விட்டுப்போன இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பின்னர் அவற்றின் ஓரங்களைச் செதுக்கி, இறுதியிலேயே ஒவ்வோர் அறையாகச் சுரண்டுகிறது. மின்சாரம் நின்றாலும், இரவில் வேலையை நிறுத்தினாலும், வரைபடக் கோப்பு உள்ளவரை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐப்பசி மாதத்து இடியும் மின்தடையும் அறிந்த தென் கேரளத்து ஆசிரியருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பின்புறத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கும்படியும் இதற்குக் கட்டளையிடலாம். முன்னிருந்து அணுக முடியாத சில அறைகள் அவ்வாறு கிட்டுவதுண்டு.

இக்கருவியைக் கையாளும் தகுதி கேரளப் பள்ளிகளுக்கு எளிதில் வாய்த்திருக்கிறது என்று சொல்லலாம். 2001ஆம் ஆண்டில் இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமும் தோன்றியது. 2017 முதல் அது ‘கைட்’ என்னும் நிறுவனமாக இயங்குகிறது. அதன் வழியாகப் பள்ளிக் கணிப்பொறிகளில் லினக்ஸ் பழக்கமாயிற்று. டிடிரெஸ்க்யூ இயல்பாக ஓடுவதும் லினக்ஸில்தான். பணம் கொடுத்து வாங்கும் விளம்பர மென்பொருள்களைவிட, பள்ளியிலேயே இருக்கும் கணிப்பொறி இவ்வேலைக்கு உகந்தது என்பது நமது கருத்து.

செய்முறையில் சில எச்சரிக்கைகள் அவசியம். பழைய வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் பொருத்த வேண்டும். அகன்ற பட்டைக் கம்பியும் 40 ஊசிகளும் கொண்ட பழைய வகைக்கு யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். மேசைக் கணிப்பொறித் தட்டாயின் 12 வோல்ட் மின்வழங்கியும் தனியே வேண்டும். பிரதியை ஏற்கும் புதிய தட்டு பழையதைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும். கட்டளையில் மூலமும் பிரதியும் இடம் மாறிவிட்டால், வெற்றுத் தட்டின் வெறுமையே பழைய கோப்புகளின்மேல் எழுதப்பட்டுவிடும். பிறகு மீட்சி இல்லை. எனவே இரு தட்டுகளின் தொடர் எண்களையும் காகிதத்தில் எழுதி, திரையில் தோன்றுவதோடு ஒப்பிட்ட பின்னரே கட்டளை கொடுக்க வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

அட்டவணை சிதைந்தால்

பிரதி கிடைத்தும் கோப்புகளின் பெயர்கள் தோன்றாமல் போவதுண்டு. நூலின் பொருளடக்கம் கிழிந்து, பக்கங்கள் நலமாயிருக்கும் நிலை அது. கிறிஸ்தோஃப் கிரெனியே இயற்றிய ‘ஃபோட்டோரெக்’ என்னும் மென்பொருள் பொருளடக்கத்தை நாடாமல், பக்கங்களையே புரட்டுகிறது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தலைப்பில் ஓர் அடையாளம் உண்டு. பிடிஎஃப் ஆவணம் அப்பெயரின் எழுத்துகளையே தன் முகப்பில் தாங்கியிருக்கும். அவ்வடையாளங்களைத் தேடிக் கோப்புகளை அது பெயர்த்தெடுக்கிறது. பெயரும் அடுக்குமுறையும் போய்விடும். துண்டுதுண்டாகப் பதிந்திருந்த கோப்பு முழுமையாகக் கிட்டாது. ஆயிரம் புகைப்படங்களைப் பெயரின்றிப் பெற்று, வயல் வாரியாகப் பிரிக்க உட்காரும் களப்பணியாளரின் பாடு சிரமமானதே. எனினும் ஒன்றும் இல்லாமற்போவதற்கு அது மேல்.

வன்தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உயிர் பெறும் என்னும் வைத்தியம் இன்றும் சிலரால் சொல்லப்படுகிறது. நம் பக்கத்து ஈரக்காற்றில் குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் நீர் படியும். அது சாவுக்கு வழி. மின்சுற்றுப் பலகையை ஒத்த மாதிரித் தட்டிலிருந்து கழற்றி மாட்டும் உபாயமும் பிற்காலத் தட்டுகளில் பொதுவாகப் பலிப்பதில்லை. அவற்றின் பலகையில் அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பதிந்திருக்கின்றன.

தட்டு சுழலாவிடில், அல்லது டிக் ஒலி இடைவிடாது கேட்குமாயின், மின்சாரத்தை உடனே துண்டித்துவிட வேண்டும். அதற்குமேல் தூசியற்ற அறையில் படிப்பு முனையை மாற்றவல்ல ஆய்வுக்கூடமே கதி; அதன் செலவு, புதிய கணிப்பொறி ஒன்றின் விலையைத் தாண்டுவதும் உண்டு. அங்ஙனம் அனுப்பும்போது வன்தட்டோடு, அதுவரை எடுத்த பிரதியையும் வரைபடக் கோப்பையும் சேர்த்தே அனுப்புவது நன்று. எந்த அறைகள் இன்னும் எஞ்சியுள்ளன என்று தெரிந்துகொண்டால், புதிதாகப் பொருத்திய முனையை அவர்கள் அவ்வறைகளின்மேல் மட்டும் செலுத்தலாம்.