வேரில்லாமல் பிழைப்பதும் கூட்டத்தோடு பிழைப்பதும்

கல்கா–சிம்லா ரயிலில் போய்வந்த அன்பர்கள் வழியில் செம்முகக் குரங்குகளைப் பார்த்திருப்பார்கள். நம்மூர்க் குரங்குக்கு வால் நீளம், இதற்குக் குட்டை. அதே மலைப்பகுதியின் ஈரச் சுவர்களில் பச்சைத் தோல் போல ஒட்டியிருக்கும் மார்கான்ஷியாவை யாரும் கவனிப்பதில்லை. தடுப்புச் சுவர்களைப் பரிசோதித்தே காலம் கழித்த எனக்கு அது பழைய சிநேகம். அது படர்ந்த இடத்தில் ஈரம் தங்குகிறது என்று அர்த்தம்.

இரண்டும் இடம் பெயரும் விதம்தான் வேடிக்கை.

மார்கான்ஷியாவுக்கு வேர் கிடையாது. மயிர் போன்ற இழைகளால் பற்றிக்கொள்ளும். அதன் மேல் சின்னச் சின்னக் கிண்ணங்கள். அவற்றுள் பொடிப் பொடியாய்ப் பச்சைத் தட்டுகள். மழைத்துளி விழுந்ததும் அவை தெறித்துச் சிதறும். விழுந்த இடம் ஈரமாக இருந்தால் போதும், தாயை அப்படியே உரித்து வைத்தது போல முளைத்துவிடும். துணை எதுவும் வேண்டாம்.

குரங்கின் கதை வேறு. பெண் குட்டி தாயின் கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண் குட்டி பருவம் வந்ததும் வேறு கூட்டம் தேடிப் புறப்படும். போன இடத்தில் பெரும்பாலும் கடைசி வரிசைதான். பேன் பார்த்து, பணிந்து, மெல்ல மெல்லத்தான் இடம் பிடிக்க வேண்டும். வேலைக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இது புரியாததா?

1938-ல் இந்தியாவிலிருந்து சுமார் 400 செம்முகக் குரங்குகளைக் கப்பலேற்றி, போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய கயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில் விட்டார்கள். அவற்றின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. 2017-ல் மரியா புயல் அத்தீவின் மரங்களைச் சாய்த்தது. வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை. அதுவரை சண்டையிட்ட குரங்குகள், மிஞ்சிய நிழலில் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தன. அப்படிப் பொறுத்துப் போனவையே அதிகம் பிழைத்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

"பிள்ளைகள் எங்கு போனாலும் சமாளித்துக்கொள்வார்கள்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது மார்கான்ஷியாவுக்குப் பொருந்தும். சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் தனியாக இருந்த தமிழ்ப் பையன் ஒருவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். எதிர்வீட்டிலும் தமிழர்தான். அவனுக்கும் அது தெரியாது, அவருக்கும் தெரியாது. நல்லவேளை, பால்காரர் கதவைத் தட்டினார்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்தவர் பெயர்ப்பலகையை ஒருமுறை படியுங்கள். நம்மவர் என்று தெரிந்தால் ஒரு டம்ளர் காப்பிக்குக் கூப்பிடுங்கள். சங்கத்துச் சந்தாவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.