பொய் வலி ஏன் வருகிறது?

எட்டாம் மாதம். நள்ளிரவில் அடிவயிறு கல்லைப் போல இறுகுகிறது. அரை நிமிடத்தில் தளர்கிறது. பிரசவ வலியோ என்று நெஞ்சு பதறும். பெரும்பாலும் இது பொய் வலிதான்.

ஏன்? கருப்பையின் சுவர் வலுவான தசை. பிரசவத்துக்கு வெகு முன்பே அது அவ்வப்போது சுருங்கித் தளரும். 1872இல் இதை விவரித்தவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ். உடலில் நீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிறைந்தாலும் இந்த இறுக்கம் கூடும்.

எப்படிப் பிரித்தறிவது? தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுங்கள். பொய் வலி மெல்ல அடங்கும். மெய் வலி அடங்காது. இடைவெளி குறைந்து, வலு கூடிக்கொண்டே போகும். 37 வாரத்துக்கு முன்பே வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.