ஒரே வீட்டின் நான்கு கார்கள்

வேகத்தின் வீடுகள் – 9

2007 பிப்ரவரி. அமெரிக்காவின் டிராக் பந்தயப் பருவம் வழக்கம்போல கலிஃபோர்னியாவின் பொமோனாவில் தொடங்கியபோது, ஜான் ஃபோர்ஸ் நான்கு கார்களோடு வந்து இறங்கினார். ஒன்றை ஓட்டப்போவது அவரே. வயது ஐம்பத்தேழு. முந்தைய ஆண்டுதான் பதினான்காவது முறையாகச் சாம்பியன் ஆகியிருந்தார். இரண்டாவது காரில் மருமகன் ராபர்ட் ஹைட். மூன்றாவதில் மகள் ஆஷ்லி. இந்தப் பெரிய வண்டியில் அவருக்கு அது முதல் பருவம். நான்காவதில் எரிக் மெட்லன். எரிக் ஃபோர்ஸுக்கு ரத்த உறவில்லை. ஆனால் எரிக்கின் காரைப் பிரித்து மாட்டி, எரிபொருள் எவ்வளவு, கிளட்ச் எப்போது பிடிக்கவேண்டும் என்று தீர்மானித்த தலைமை மெக்கானிக் ஜான் மெட்லன், அவருடைய அப்பா.

போன வாரம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவைப் பார்த்தோம். மாட்டின் பல்லைப் பார்த்து 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து, ஒவ்வொரு ஜோடியாகக் கடிகாரத்தோடு மோதவிடும் பந்தயம். அதைப் படித்துவிட்டு, எங்கள் கிளியனூரில் நெடுஞ்சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். “ரேக்ளான்னா மாட்டுக்குத் தீனி வெக்க ஒருத்தர், நீச்சல் உட ஒருத்தர், ஓட்ட ஒருத்தர்னு ஊடே வேணும், சரி. நாலு செகண்டுல முடிஞ்சிடுற கார் பந்தயத்துக்கு இன்னாத்துக்குண்ணா குடும்பம்?”

நியாயமான கேள்வி. தொழில் தெரிந்தவர் கேட்ட கேள்வியும்கூட. அவருக்குப் புரியும் மொழியிலேயே சொல்லப் பார்க்கிறேன்.

ஃபோர்ஸ் ஓட்டியது ‘ஃபன்னி கார்’ என்ற வகை. மேலே கடையில் வாங்கும் காரின் சாயலில் கார்பன் நாரில் வார்த்த ஒரு கூடு. பெட்டி மூடியைப்போல அப்படியே முன்பக்கம் தூக்கலாம். அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம். எட்டு சிலிண்டர், எட்டு லிட்டர் எஞ்சின் ஓட்டுநரின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் கிடையாது, பெரும்பகுதி நைட்ரோமீத்தேன். அந்தக் காலத்திலேயே எண்ணாயிரம் குதிரைத்திறன் என்று கணக்கிட்டார்கள். நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்கள் நூறை ஒன்றாகக் கட்டி இழுத்தால் வரும் சக்தி. டயரைச் சூடேற்றத் தேய்ப்பதையும் சேர்த்து ஒரு ஓட்டத்துக்குச் சுமார் ஐம்பது லிட்டர் எரிபொருள். கால் மைல், அதாவது 402 மீட்டர், ஐந்து நொடிக்குள் முடியும். கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். நிறுத்தப் பின்னால் இரண்டு பாராசூட்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் குடும்பத்துக்கான வேலை. ஞாயிற்றுக்கிழமை பதினாறு கார்கள் மோதும். இரண்டு இரண்டாக, நான்கு சுற்று. தோற்றவர் அப்போதே மூட்டை கட்டவேண்டியதுதான். ஜெயித்தவருக்கு அடுத்த சுற்றுவரை கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரைக் கூடாரத்துக்கு இழுத்து வந்ததும் ஏழெட்டுப் பேர் பாய்வார்கள். சிலிண்டர் ஹெட் கழலும், பிஸ்டன் வெளியே வரும், பேரிங் மாறும், கிளட்ச் தட்டுகள் மொத்தமும் புதிதாக ஏறும். எஞ்சின் சூடு ஆறியிருக்காது. கையுறையோடு அதைப் பிரித்து, மாட்டி, கிளப்பிப் பார்த்து, மறுபடி கோட்டுக்குத் தள்ளவேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் ஒரு புல்லட் எஞ்சினை இறக்கினால் ‘வெள்ளிக்கிழமை வாங்க’ என்பார்கள். அங்கே ஒரே நாளில் நான்கு முறை. ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் அதன் பலனை அனுபவிக்கப்போவது உள்ளே உட்கார்ந்திருப்பவர். ஆகவே ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். அப்பா கையில் இருந்தால் ஒரு தைரியம். அப்பாவுக்கோ அது தைரியம் இல்லை, பாரம்.

ஃபோர்ஸ் அந்த இடத்துக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. சிறுவயதில் போலியோ. குடும்பம் வளர்ந்தது டிரெய்லர் வீட்டில். லாரி ஓட்டிப் பிழைத்தார். பல ஆண்டுகள் தோற்றுத் தோற்று, முதல் வெற்றி 1987இல்தான் கிடைத்தது. முதல் சாம்பியன் பட்டம் 1990இல். அதற்குப் பிறகு மளமளவென்று பட்டங்கள். மைக் கிடைத்தால் விடமாட்டார், பேசிக்கொண்டே இருப்பார். அந்த வீட்டுக் கதை ஒரு தொலைக்காட்சித் தொடராகவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் கொஞ்சம் அலுப்புதான். 2007ஆம் ஆண்டின் கதையில் அது தானாகவே அடங்கிப்போகிறது.

பருவம் என்றால் என்னவென்று மரக்காணம் உப்பளத்துக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கவேண்டாம். மழை விட்டதும் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, வெயில் முழுக்க உப்பு வாரி, அடுத்த மழைக்குள் மேட்டில் ஏற்றிவிடவேண்டும். நடுவே ஒரு கோடை மழை வந்தால் பூத்திருந்த உப்பு கரைந்துபோய், மறுபடி முதலிலிருந்து. ஃபோர்ஸ் அணிக்கு அந்த மழை மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது.

ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஞாயிறன்று பந்தயம் முடிந்தது. அணிகள் திங்கட்கிழமையும் தங்கிச் சோதனை ஓட்டம் பார்ப்பது வழக்கம். மார்ச் 19. பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை, எதிரே மோத ஆளும் வேண்டியதில்லை. எரிக் ஓட்டினார். முப்பத்து மூன்று வயது. இளம் வயதில் குதிரை மேலிருந்து கன்றுக்குச் சுருக்குக் கயிறு வீசும் விளையாட்டில் கெட்டிக்காரர். அதே அணியில் பல ஆண்டு மெக்கானிக்காக இருந்து, 2004இல் ஓட்டுநர் இருக்கைக்கு வந்தவர்.

இந்தக் கார்களின் பின் டயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உயரம் மூன்றடி. ஓரங்கள் மெத்தென்று இருக்கும். காற்று நம் பைக் டயரில் அடிப்பதைவிட மிகக் குறைவு. கிளம்பும்போது டயரின் ஓரம் துணிபோல மடியும். பிறகு வேகம் ஏற ஏற ஊதிப் பெரிதாகும். வேண்டுமென்றே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மடிப்பும் விரிவும் தாளம் தப்பினால் கார் உதறத் தொடங்கும். ஓட்டுநர்கள் இதற்குப் பழகியவர்கள். பல் ஆடும், கண் மங்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். அன்று வந்தது அந்த ரகம் இல்லை. டயர் குலைந்து எழுந்த உதறலில் எரிக்கின் தலை, அவரைக் காக்க வைத்திருந்த குழாய்க் கூண்டிலேயே மாறி மாறி மோதியது. ஹெல்மெட் இருந்தது. பெல்ட் இருந்தது. கார் கவிழவில்லை, தீப்பிடிக்கவில்லை. மார்ச் 23 அன்று மருத்துவமனையில் எரிக் இறந்தார்.

அணி அடுத்த பந்தயத்துக்குப் போகவில்லை. அதோடு கடையை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். மகனுக்குக் கார் செய்துகொடுத்த அப்பா இனி ஸ்பேனரைத் தொடமாட்டார் என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன். ஜான் மெட்லன் தொட்டார். எவ்வளவு விசை, எந்தத் திசையிலிருந்து, தலை கூண்டில் எங்கே பட்டது, எத்தனை முறை பட்டது என்று அளக்க உட்கார்ந்தார். எரிக்கின் பெயரிலேயே ஃபோர்ஸ் ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கினார். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்தார்கள். தலையைச் சுற்றிய கூண்டு அகலமானது. குழாய்மேல் சுற்றும் மெத்தை தடித்தது. விபத்தின்போது காரில் என்ன நடக்கிறது என்று பதிவுசெய்யும் கருவி ஏறியது. சட்டத்தின் வடிவமே மாறத் தொடங்கியது. அதையெல்லாம் முதலில் மாட்டிக்கொண்டது அதே வீட்டின் மற்ற கார்கள். ஆஷ்லியின் கார், ஹைட்டின் கார், ஃபோர்ஸின் கார்.

இதை எழுதும் நேரத்திலும் திண்டிவனம்–புதுச்சேரி நான்குவழிச் சாலையில் இரவு பத்துக்கு மேல் இரண்டு பைக்குகள் ஒன்றையொன்று விரட்டிப்போகும் சத்தம் கேட்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேட்கவே வேண்டாம். அதற்கும் ‘டிராக்’ என்றுதான் பையன்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவன் விழுந்தால் மறுநாள் முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வரும். போட்டோவில் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். பதினாறாம் நாள் முடியும். எந்த வேகத்தில் விழுந்தான், ஹெல்மெட் எங்கே உடைந்தது, டயர் எந்த நிலையில் இருந்தது என்று யாரும் அளப்பதில்லை. வண்டி காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் துருப்பிடிக்கும். அடுத்த பையன் அதே டயரில் அதே சாலையில் கிளம்புவான். இத்தனைக்கும் இங்கிருந்து இரண்டரை மணி நேரத் தொலைவில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் இருக்கிறது. தேசிய அளவிலான பைக் டிராக் பந்தயம் அங்கே நடக்கிறது. பெங்களூருவின் ஹேமந்த் முத்தப்பா தேசியச் சாம்பியன் பட்டங்களை அடுக்கியது இந்த விளையாட்டில்தான். ஓட்டத் தூரம் முந்நூறு மீட்டர் சொச்சம். லைசென்ஸ், வண்டிச் சோதனை, ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. பையன்களிடம் சொன்னால், “அங்க போயி ஓட்டக் காசு ஆவும்ணா” என்பார்கள். அதிலும் பொய்யில்லை.

ஃபோர்ஸ் வீட்டுக்குத் திரும்புவோம். ஏப்ரல் கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பந்தயம். குலுக்கல் கிடையாது, தகுதிச் சுற்று நேரத்தை வைத்துத்தான் ஜோடி அமையும். முதல் சுற்றிலேயே அப்பாவுக்கு எதிரே மகள் வந்து நின்றார். இந்த விளையாட்டில் அப்பாவும் மகளும் நேருக்கு நேர் மோதியது அதுவே முதல் முறை. மகள் ஜெயித்தார். தோற்ற அப்பாவின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்த்து, விட்டுக்கொடுத்துவிட்டாரோ என்று கேட்டவர்கள் உண்டு. விளக்கு பச்சையாக மாறியதும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எண்ணும் பந்தயத்தில் பதினான்கு பட்டம் எடுத்த மனிதர் விட்டுக்கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோடையில் மருமகனின் கார் நன்றாக ஓடியது. கடைசிக் கட்டத்துக்கு எட்டுப் பேரை மட்டும் வடிகட்டி எடுக்கும் முறை அந்த ஆண்டுதான் புதிதாக வந்திருந்தது. ஹைட் பட்டத்துக்கான ஓட்டத்தில் இருந்தார். அணி எழுந்துவிட்டது என்று எல்லாரும் நம்பத் தொடங்கிய நேரம்.

செப்டம்பர் 23, டெக்சஸ் மாநிலம் என்னிஸ். ஃபோர்ஸுக்கு எதிர்த் தடத்தில் கென்னி பெர்ன்ஸ்டைன். கோட்டை நெருங்கும் வேகத்தில் ஃபோர்ஸின் கார் குலைந்து, சட்டம் இரண்டாக ஒடிந்தது. துண்டுகள் பெர்ன்ஸ்டைனின் தடத்துக்கும் பாய்ந்தன. ஃபோர்ஸை ஹெலிகாப்டரில் டாலஸுக்குத் தூக்கிப்போனார்கள். இடது கணுக்கால் எலும்பு முறிந்து வெளியே வந்திருந்தது. மணிக்கட்டு நழுவியிருந்தது. கைவிரல்கள், முழங்கால் எல்லாம் சேதம். இனி நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது.

தலைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு முன் இருந்த கூண்டாக இருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும்; எரிக்கின் மரணம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று ஃபோர்ஸே பின்னால் பலமுறை சொன்னார். ஜான் மெட்லன் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் அந்தக் கூண்டின் அடுத்த வடிவத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

அப்பா மருத்துவமனையில் இருக்கும்போது மகளும் மருமகனும் பருவத்தை முடித்தார்கள். ஹைட் இரண்டாம் இடம். பட்டம் டோனி பெட்ரெகனுக்குப் போனது. 2003இல் ஃபோர்ஸின் காரிலேயே சாம்பியன் ஆகி, பிறகு தனிக்குடித்தனம் போனவர் அவர். ஆஷ்லிக்கு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது. ஒரு சாவு, ஒரு ஒடிந்த கால், ஒரு இரண்டாம் இடம், ஒரு புதுமுக விருது. கணக்குப் பார்த்தால் நஷ்டப் பருவம்தான். இத்தனை பட்டம் எடுத்த வீட்டில் அந்த ஆண்டைப் பற்றித்தான் இன்றைக்கும் அதிகம் பேசுகிறார்கள்.

2008 பிப்ரவரியில் ஃபோர்ஸ் மறுபடி பொமோனாவில் காரில் ஏறினார். எரிக்கின் இடத்துக்கு மைக் நெஃப் வந்திருந்தார். ஏப்ரல் 27, அதே அட்லாண்டா தடம். இந்த முறை முதல் சுற்று இல்லை, இறுதிச் சுற்று. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகள். ஆஷ்லி ஜெயித்து, ஃபன்னி கார் பிரிவில் பந்தயம் வென்ற முதல் பெண் ஆனார். அறுபத்தோரு வயதில், 2010இல், அப்பா பதினைந்தாவது பட்டத்தை எடுத்தார். அது வேறு கதை.

கூண்டு அகலமானதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று 2008 ஏப்ரலில் நினைத்தவர்கள் இருந்தார்கள். ஜூன் 21 அன்று நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் இன்னொரு ஃபன்னி கார் ஓட்டுநரான ஸ்காட் கலிட்டாவின் எஞ்சின் கோட்டுக்கு அருகே வெடித்தது. பாராசூட்டுகளால் காரை நிறுத்த முடியவில்லை. தடத்தின் கடைசியில் இருந்த மணலும் போதவில்லை. ஸ்காட் பிழைக்கவில்லை. அவருடைய அப்பா கோனி கலிட்டாவும் பழைய பந்தயக்காரர், அணியின் உரிமையாளர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கால் மைல் என்ற பழைய அளவையே நைட்ரோ கார்களுக்கு மாற்றினார்கள். 1320 அடி 1000 அடியானது. மீட்டரில் சொன்னால் 305. நம் உடுமலை ரேக்ளா மாடுகள் ஓடும் தூரத்துக்கு ஐந்து மீட்டர்தான் கூடுதல். அந்த 320 அடியை வெட்ட யார் ஒப்புக்கொண்டார்கள், யார் முரண்டு பிடித்தார்கள் என்பதை அடுத்த வாரம், கலிட்டா வீட்டிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)