டிஸ்க் கோல்ஃப் வட்டின் பறத்தல் வரைபடம்

பறத்தல் வரைபடம் என்பது டிஸ்க் கோல்ஃப் விளையாட்டில் எறியப்படும் வட்டு எவ்வழியே பறந்து எங்கே விழும் என்பதைக் காட்டும் படமாகும். சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் மிகக் குறைந்த எறிகளில் வட்டைச் சேர்ப்பதே இவ்விளையாட்டின் நோக்கம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வட்டுகள் வெவ்வேறு விதமாகப் பறப்பதால், வாங்குமுன் அவற்றை ஒப்பிட இவ்வரைபடம் உதவுகிறது.

வரைபடத்தைப் படிக்கும் முறை

வரைபடம் மேலிருந்து பார்ப்பதுபோல வரையப்படுகிறது. அடியில் எறிபவர் நிற்கிறார். மேல்நோக்கிய அளவு தூரத்தையும், பக்கவாட்டு அளவு வட்டு இடமோ வலமோ விலகுவதையும் குறிக்கும். பெரும்பாலான படங்கள் வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில் எறிபவருக்கானவை. இடக்கை பேக்ஹேண்ட், வலக்கை ஃபோர்ஹேண்ட் ஆகிய எறிகளில் வட்டு எதிர்த்திசையில் சுழல்வதால், படத்தை இடவலம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நான்கு எண்கள்

அமெரிக்காவின் இன்னோவா நிறுவனம் பரவலாக்கிய முறையில் ஒவ்வொரு வட்டுக்கும் நான்கு எண்கள் தரப்படுகின்றன.

1. வேகம் (ஸ்பீட்): வட்டு தன் இயல்புப்படி பறக்க எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பது. எண் கூடினால் விளிம்பும் பொதுவாக அகலமாகும்.
2. மிதப்பு (கிளைடு): காற்றில் தங்கும் திறன்.
3. திருப்பம் (டர்ன்): விரைவாகச் செல்லும் தொடக்கப் பகுதியில் வலப்பக்கம் சாயும் போக்கு. இது பெரும்பாலும் கழித்தல் எண்ணாகத் தரப்படும். −3 என்பது −1ஐ விட அதிகம் வலம் செல்லும்.
4. இறுதி வளைவு (ஃபேடு): வேகம் குறையும்போது இடப்பக்கம் வளையும் போக்கு.

வளைவதற்கான காரணம்

வட்டின் மீது செயல்படும் தூக்குவிசையின் மையம் எப்போதும் வட்டின் நடுவில் இருப்பதில்லை. வேகமாகச் செல்லும்போது அது பின்னால் இருந்து முன்விளிம்பைக் கீழே அழுத்த முயல்கிறது. வேகம் குறைந்ததும் முன்னே நகர்ந்து முன்விளிம்பை உயர்த்த முயல்கிறது. சுழலும் பொருளில் இவ்விசையின் விளைவு செங்குத்துத் திசையில் வெளிப்படும். சுழலும் பம்பரம் உடனே கீழே விழாமல் தலையாட்டிச் சுற்றுவதும் இதே விதியால்தான். எனவே வட்டு முன்பின்னாகக் கவிழாமல் முதலில் வலமும் பின்னர் இடமுமாகச் சாய்கிறது.

ஒப்பிடும் முறை

இன்னோவாவின் சில வட்டுகளுக்கான எண்கள் (வேகம், மிதப்பு, திருப்பம், இறுதி வளைவு என்ற வரிசையில்):

ஏவியர்: 2, 3, 0, 1
லெப்பர்ட்: 6, 5, −2, 1
டீபேர்ட்: 7, 5, 0, 2
ஃபயர்பேர்ட்: 9, 3, 0, 4
டிஸ்ட்ராயர்: 12, 5, −1, 3

கடைசி இரண்டு எண்களைக் கூட்டினால் வட்டின் பொதுப்போக்கு தெரியும். லெப்பர்டுக்கு −1, டீபேர்டுக்கு 2, ஃபயர்பேர்டுக்கு 4. கூட்டுத்தொகை கூடக்கூட வட்டு இடப்பக்கம் அழுத்தமாக வளையும். கூடை இடப்புற மறைவில் இருந்தால் ஃபயர்பேர்டும், நேரான பாதைக்கு டீபேர்டும் பொருந்தும்.

புதியவர் கவனிக்க வேண்டியவை

வேக எண் கூடினால் தூரமும் கூடும் என்று கருதிப் பலர் முதலிலேயே 12 எண் வட்டை வாங்குகின்றனர். தேவையான வேகம் கைக்கு வராவிட்டால் அதன் திருப்பம் வெளிப்படாது. இறுதி வளைவு மட்டும் முன்கூட்டியே தொடங்கி, வட்டு விரைவில் இடப்பக்கம் விழுந்துவிடும். அவருக்கு லெப்பர்டே அதிக தூரம் செல்லக்கூடும். ஏவியர் போன்ற ஒரு வட்டும், வேக எண் 4 அல்லது 5 உள்ள ஒன்றும், 6 அல்லது 7 உள்ள ஒன்றும் தொடக்கத்திற்குப் போதும்.

வரைபடத்தின் எல்லைகள்

எண்களை அந்தந்த நிறுவனங்களே தருவதால், வேறு வேறு நிறுவனங்களின் எண்கள் முழுமையாக ஒத்துப்போகா. எதிர்க்காற்றில் வட்டு கூடுதலாக வலம் திரும்பும். பின்காற்றில் இடவளைவு முந்தும். எடை குறைந்த வட்டும், மரங்களில் மோதித் தேய்ந்த வட்டும் புதியதைவிட எளிதில் வலம் சாயும். ஆகவே வரைபடத்தைக் கொண்டு இரண்டு மூன்று வட்டுகளைத் தேர்ந்து, திறந்த மைதானத்தில் பலமுறை எறிந்து பார்த்து முடிவு செய்வதே சரியான வழி.